பென்சிலில் ஒரு முன்பதிவு

அசன்சோலிலிருந்து ஹிரண்மய் குண்டு அழைக்கிறார்.
மூன்றாவது வருடம். மார்ச் முதல் வாரம்.
சுடுதண்ணீர் வருமா என்று முதல் வருடமே கேட்டுவிட்டதால்
இப்போது நேரே வானத்துக்கு வந்துவிடுகிறார்.

ஏப்ரலில் மலை தெரியுமா, ஓங்மு?

தெரியும் என்றால் பொய்.
தெரியாது என்றால் அறை காலி.
விடியுமுன் எழுந்தால் தெரியலாம் என்கிறேன்;
எழாதவர்கள் என்மேல் வழக்குப் போட முடியாது.

முதல் வருடம் தீஸ்தா சாலையைத் தின்றது.
இரண்டாம் வருடம் அவர் மனைவிக்குக் கண்புரை.
இரண்டு தடவையும் முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன்,
இரண்டு தடவையும் கோபித்துக்கொண்டார்:
வைத்திருக்க வேண்டியதுதானே,
வராமலா போய்விடுவேன்?

ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா அவர்.
முப்பத்தாறு வருடம் அடுத்தவர் மூட்டைக்கு எடை போட்டவர்.
பயணத்தையும் அப்படித்தான் கட்டுகிறார், சணல் இறுக்கி:
நியூ ஜல்பைகுரியில் வண்டி நிற்கும் நேரம்,
கேங்டாக் ஜீப்பில் எந்த இருக்கையில் குமட்டல் குறைவு,
கம்பளி ஒன்றா இரண்டா,
மடத்து வாசலில் செருப்பை எங்கே விடுவது,
திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்குமா.

பிறகு குரலைத் தாழ்த்தி,
மனைவி பக்கத்து அறையில் போலும்,
உங்கள் வீட்டுக்கு மேலே அந்தச் சின்ன மடம்,
அதற்குப் படி எத்தனை?

தெரியவில்லை.
நாற்பத்தோரு வருடமாக இந்தச் சரிவில் இருக்கிறேன்.
லோசாருக்கு ஏறுவேன், சாவுக்கு ஏறுவேன்,
பால்தெனோடு சண்டை போட்டால் ஏறுவேன்.
எண்ணிக்கொண்டு ஏறியதில்லை.

மறுநாள் போனேன்,
அறைச் சாவிகள் இடுப்பில் குலுங்க,
அடுப்பில் பருப்பைத் தம்பி பொறுப்பில் விட்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இறங்கும்போது இருநூற்று ஒன்பது.
நடுவில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது;
மூன்று படி அதன் வயிற்றடியில் இருக்க வேண்டும்.

லாமா சுல்ட்ரிம் வெண்ணெய் விளக்குகளைத் துடைத்தபடி சிரித்தார்:
கேட்பவர்களுக்கெல்லாம் நூற்றெட்டு என்றுதான் சொல்லிவருகிறோம்.
யாரும் சரிபார்த்ததில்லை.

அசன்சோலுக்குச் சொன்னேன்.
எதிர்முனையில் ஒரு முழங்கால்
பெருக்கிக் கழித்துக்கொண்டிருந்தது.
நடுவில் உட்கார இடம்?

இல்லை. ஒரு கல் உண்டு, எப்போதும் ஈரம்.
சாப்பாட்டறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிப்போய்
தொண்ணூற்றேழாம் படியோரம் வைத்தேன்.
திருடுபோகும் என்றான் பால்தென்.
போகவில்லை.
தினமும் காலையில் அதில் பிஷ்ணுமாயா உட்கார்ந்திருக்கிறாள்,
புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு.
பதினைந்து வருடமாக எங்களுக்குப் பால் கொண்டுவருபவள்.
அவளுக்கும் முழங்கால் உண்டென்று
எனக்கு இப்போதுதான் தெரியும்.

நேற்று உண்மையைச் சொன்னார்.
புத்தரைப் பார்க்க அல்ல.
நீளக் கொம்பு ஊதுவார்களாமே, அதைக் கேட்க.
எஞ்சின் ஊதிக் கேட்டே காது தேய்ந்தது, ஓங்மு.
மனிதன் அவ்வளவு பெரிதாக ஊதினால்
எப்படி இருக்கும்?

இன்று சாயங்காலப் பூஜைக்கு ஏறினேன்.
கைப்பேசியில் ஒற்றைக் கோடு சிக்னல்.
தூணோரம் நின்று, கையை உயர்த்தி,
அதைக் கொம்புகளின் பக்கம் நீட்டினேன்.
முன்வரிசையில் ஒரு சின்னப் பிக்கு
மந்திரத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.
தரை அதிர்ந்தது. உள்ளங்கால் வழியாகத்தான் முதலில் கேட்டது,
எனக்கும் இன்றைக்குத்தான்.
பத்து விநாடி. பிறகு தொடர்பு அறுந்தது.

இரவு பத்து மணிக்கு அழைத்தார்.
நான் நினைத்ததைவிடத் தாழ்ந்த சுருதி, என்றார்.
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
ஃபோனில் ஏதோ சரக்கு வண்டி கடந்து போனது, பெட்டி பெட்டியாய்.
இரண்டு இரவு போதாது. நான்காகப் போடுங்கள்.

ஏப்ரல் பத்தொன்பது, மூன்றாம் எண் அறை.
பதிவேட்டில் பென்சிலால் எழுதுகிறேன், வழக்கம்போல.
கீழே எங்கோ மண் சரிந்ததாகச் செய்தி.
ஜன்னலில் மேகம், பத்தாம் படிக்கு மேல் ஒன்றுமில்லை.

ரப்பர் எங்கே என்கிறான் பால்தென்.
நான் பார்க்கவில்லை என்கிறேன்.